கயிற்றைத் தொட்டாலே கை நடுங்குகிறது, கண்ணசைவு சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. தாமிரபரணிக் கரையோரம் ஒரு கிராமம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் பட்டாசலுக்குள் வந்து நெஞ்சளவு ஏறிவிட்டது. நானும் வீட்டுக்காரரும் மாமியாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மச்சுவீட்டு மாடிக்குப் போய்த் தப்பித்தோம். தொழுவத்தில் கட்டியிருந்த செவலைப் பசுவை அவிழ்த்துவிட முடியவில்லை. அது கத்தினது இன்றைக்கும் காதில் கேட்கிறது. மழை பெய்தால் தூக்கம் கிடையாது, ஆற்றுப்பக்கம் போவதில்லை, கயிற்றைத் தொட்டாலே கை நடுங்குகிறது. பயந்த கோளாறு என்று திருநீறு போட்டுத் தாயத்தும் கட்டினார்கள். மெடிக்கலில் வாங்கிய தூக்க மாத்திரையைப் பாதிப் பாதியாகப் போடுகிறேன். "ஒரு மாட்டுக்காகவா இப்படி இருக்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கண்ணை இடமும் வலமும் அசைக்க வைத்தே இதைச் சரி செய்வார்களாம், மதினி மகள் சொல்கிறாள். அது மெஸ்மரிசமா? எல்லாவற்றையும் மறக்க வைத்துவிடுவார்களா?

பதில்: அம்மா, முதலில் அந்த மாட்டு விஷயத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் நெஞ்சளவு தண்ணீரில், இருட்டில், ஒரு வயதானவரைத் தூக்கிக்கொண்டு உயிர் தப்பியிருக்கிறீர்கள். அந்த டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. வருஷம் பூராவும் பெய்யவேண்டியது ஒரே நாளில் பெய்தது மாதிரி. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து வெள்ளத்துக்கு அப்புறம் வந்தவர்களைப் பார்த்த டாக்டர் நான். வீடு போனதைச் சொல்லும்போது நிதானமாகப் பேசியவர்கள், ஆட்டையோ மாட்டையோ சொல்லும்போது உடைந்து அழுததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் கையால் தவிடும் தண்ணீரும் வைத்து வளர்த்த உயிர் அது, நீங்கள் வந்து அவிழ்த்துவிடுவீர்கள் என்று நம்பிக் கத்தியிருக்கிறது. அந்தச் சத்தம் மனதில் தங்கியதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

எழுத்தை மட்டும் வைத்து நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்கள், அதாவது நடந்தது திரும்பத் திரும்ப வந்து நிற்பது, அதை நினைவுபடுத்தும் இடத்துக்கே போகாமல் இருப்பது, தூக்கம் கெடுவது, சின்னத் தூண்டுதலுக்கும் உடம்பு பதறுவது, இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பைத்தான் நாங்கள் முதலில் யோசிப்போம். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வருஷம் கடந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், பத்து வருஷம் கழித்து வந்து குணமானவர்களும் உண்டு.

சரி, கண்ணசைவுக்கு வருவோம். மதினி மகள் சொன்னது ஈ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையை. ஃபிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னைத் தொந்தரவு செய்த எண்ணங்கள் கண் வேகமாக இங்கும் அங்கும் அசைந்ததும் வீரியம் குறைவதைக் கவனித்தார். அதை வைத்துச் செய்த முதல் ஆய்வை 1989-இல் வெளியிட்டார். இப்போது அது எட்டுக் கட்டமாக வகுக்கப்பட்ட முழுச் சிகிச்சை. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

மெஸ்மரிசம் கிடையாது. நீங்கள் முழு விழிப்போடு இருப்பீர்கள், வேண்டாம் என்றால் கையைத் தூக்கினால் போதும், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கையைத் தூக்குவதை முதல் நாளே பழக்கிவிடுவார்கள்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் பயப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எடுத்த எடுப்பில் வெள்ளத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். முதல் ஓரிரு அமர்வுகள் உங்கள் கதையைக் கேட்பதிலும், பதற்றம் வந்தால் உங்களை நீங்களே எப்படி அமைதிப்படுத்துவது என்று சொல்லிக்கொடுப்பதிலும் போகும். மனதுக்கு இதமான ஓர் இடத்தை நினைக்கச் சொல்வார்கள். சிலருக்கு அது ஆச்சி வீட்டுத் தார்சா, சிலருக்குக் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் சாயங்காலம். (உங்களுக்குத் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) அதற்கு அப்புறம்தான் அந்த ராத்திரியின் ஆக மோசமான ஒரு காட்சியைக் கேட்பார்கள். உங்களுக்கு அது தொழுவமாக இருக்கலாம். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி உங்களுக்கே என்ன தோன்றுகிறது என்று கேட்பார்கள். "நான்தான் அதைக் கொன்னுட்டேன்" என்று வரலாம். அதற்குப் பதில் என்ன நம்பினால் நிம்மதியாக இருக்கும்? "அந்த நேரத்துல என்னால முடிஞ்சதச் செஞ்சேன்." இந்த இரண்டு வாக்கியத்தையும் குறித்துக்கொண்டு, பதற்றம் எவ்வளவு என்று 0-இலிருந்து 10-க்குள் ஒரு எண் கேட்பார்கள், உடம்பில் எங்கே இறுக்குகிறது என்றும் கேட்பார்கள்.

அப்புறம் சிகிச்சையாளர் நாற்காலியை உங்களுக்குப் பக்கவாட்டில் போட்டு, இரண்டு விரலை உங்கள் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும், அரை நிமிஷம் போல. நிறுத்தி, மூச்சை விடச் சொல்லி, "இப்போ என்ன வருது?" என்று மட்டும் கேட்பார். ஒரு காட்சி வரலாம், வயிற்றில் ஒரு பிசைவு வரலாம், சம்பந்தமே இல்லாமல் சின்ன வயசு ஞாபகம் ஒன்று வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். எது வந்தாலும் அதோடேயே அடுத்த சுற்று. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை இப்படியே போகும். நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை வரிவரியாகச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கண்ணைத் தொடர்ந்து அசைப்பது சிரமம் என்றால் இரண்டு கையிலும் மாறி மாறித் தட்டுவது, ஹெட்ஃபோனில் மாறி மாறிச் சத்தம் கேட்க வைப்பது என்று வேறு வழிகளும் உண்டு.

இது எப்படி வேலை செய்கிறது? ஆராய்ச்சியாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. பத்திரமான இடத்தில் உட்கார்ந்து பயங்கரத்தை நினைத்துப் பார்ப்பதுதான் குணமாக்குகிறது, கண்ணசைவு அவ்வளவு முக்கியமில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. எனக்குச் சரியாகப் படுவது இன்னொரு விளக்கம். நாம் ஒரு விஷயத்தை நினைக்கும்போது அதைப் பிடித்துவைத்திருக்கும் நினைவின் இடம் மிகச் சின்னது. தாளிப்பைக் கவனித்துக்கொண்டே போனில் சீட்டுக் கணக்குச் சொல்லிப் பாருங்கள், ஒன்று கருகும் அல்லது ஒன்று தப்பும். அதே மாதிரி பழைய காட்சியை நினைத்துக்கொண்டே கண்ணால் விரலைத் தொடரும்போது காட்சிக்குப் போதுமான இடம் கிடைப்பதில்லை, மங்குகிறது, பதற்றமும் குறைகிறது, குறைந்த நிலையிலேயே அது திரும்ப மூளையில் பதிகிறது. ஒரு நினைவைத் தோண்டி எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் மாற்றித்தான் திரும்ப வைக்கிறோம் என்பதை இந்தச் சிகிச்சை பயன்படுத்திக்கொள்கிறது.

ஆகவே மறதி வராது. செவலையும் மறக்காது, மறக்கவும் வேண்டாம். நான்குவழிச்சாலை விபத்தில் கூட வந்தவரைப் பறிகொடுத்த ஒருவர் என்னிடம் வந்தார், அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்புதான் அவரைப் போட்டு வாட்டியது, சாப்பிடும்போதுகூடக் கண்ணுக்கு நேரே கிடக்கும் என்பார். நாலாவது அமர்வில் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "செருப்பு இருக்கு டாக்டர், ஆனா தூரத்துல கெடக்கு" என்றார். அன்றைக்கு எண் 9-லிருந்து 3-க்கு வந்திருந்தது. அவருக்கு அழுகை வந்தது அதற்கு அப்புறம்தான், அதுவரை அழவே முடியவில்லையாம்.

எல்லாருக்கும் நாலு அமர்வில் வந்துவிடாது. ஒரே ஒரு சம்பவம் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு அமர்வு என்று எதிர்பார்த்துப் போங்கள், சின்ன வயசிலிருந்தே அடி, வன்முறை என்று அடுக்கடுக்காக இருந்தால் இன்னும் கூடுதல் காலம் ஆகும். அமர்வு முடிந்த ஓரிரு நாள் கனவு அதிகமாகலாம், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கலாம். அன்றைக்கு ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு தனியாகத் திரும்பாதீர்கள். வலிப்பு, கண் நோய், கர்ப்பம், தற்கொலை எண்ணம், சில சமயம் நேரம் போனதே தெரியாமல் உறைந்துபோவது, இதில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். யூடியூபில் பந்து இப்படியும் அப்படியும் ஓடும் வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றைப் போட்டுக்கொண்டு தனியாகத் தொழுவத்து நினைவைக் கிளறவே கிளறாதீர்கள். கிளறிவிட்டு மூடத் தெரியாமல் போனால் இப்போது இருப்பதைவிட மோசமாகும்.

அந்தத் தூக்க மாத்திரை. பெயர் எழுதவில்லை, அல்பிரசோலம் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்தாது, பழக்கமாகிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்ததே தவறு, எனக்கு இதில் கோபமே வருகிறது. ஆனால் நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், மனநல மருத்துவர் பார்த்துப் பையப் பையக் குறைக்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்றவை இருக்கின்றன, அவை தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்தவை அல்ல. திருநீறும் தாயத்தும் மனதுக்குத் தெம்பு தந்தால் இருக்கட்டும், சிகிச்சைக்கு அவை குறுக்கே வராது.

எங்கே போவது? ஐகிரவுண்டு திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். ஈ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்றவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள், தனியாரிடம் போனாலும் முறையான பயிற்சி எடுத்தவரா என்று நேராகவே கேட்கலாம், தப்பில்லை. கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், அதிர்ச்சியை மையமாக வைத்த சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சைக்கும் அதே அளவு நல்ல ஆதாரம் உண்டு. நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். மழைச் சத்தத்தில் பதறி எழுந்தால் விளக்கைப் போட்டு, காலைத் தரையில் நன்றாக ஊன்றி, இன்றைய தேதியையும் கிழமையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்து, வலது இடது என்று மெதுவாகத் தட்டுவதும் உதவும், மெக்சிகோவில் ஒரு புயலில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக உருவான முறை அது. தட்டும்போது வெள்ளத்தை நினைக்க வேண்டாம், உங்கள் இதமான இடத்தை நினையுங்கள்.

மதினி மகளையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்க மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டால் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாமல், செவலையைப் பற்றியும் அந்தக் கயிற்றைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.