பேஸ்பாலில் ஒரு பிட்சரின் (பேட்டருக்குப் பந்து வீசுபவரின்) எறியும் முறை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

இதைக் கேட்டிருப்பவர் பிட்சராக ஆடும் ஒரு பிள்ளையின் பெற்றோராக இருப்பார் என்றும், "முழங்கையை இன்னும் மேலே தூக்கி எறி" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருப்பார் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நான் இயன்முறை மருத்துவர். பேஸ்பால் பயிற்சியாளர் அல்லேன். பிட்சர் நின்று வீசும் மண்மேடான மவுண்டில் ஒருநாளும் நிற்காதவர் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பது தெரியும். தோளும் முழங்கையும் எப்படிக் கெடுகின்றன என்பதை அன்றாடம் பார்ப்பது என் தொழில் என்பதால் பேசலாம் என்றே நினைக்கிறேன்.

நேரான பதில் இது: தரையிலிருந்து கால் பெறும் விசை இடுப்பு, மேலுடல், தோள், முழங்கை, விரல்கள் என்ற வரிசையில், ஒன்று உச்சத்தைத் தொட்ட பிறகே அடுத்தது உச்சத்தைத் தொடுமாறு கைமாறிச் செல்ல வேண்டும், அந்த வரிசை ஒவ்வொரு பந்திலும் மாறாமல் நிகழ வேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடிவந்து வேகத்தைச் சேர்த்துக்கொள்கிறார். பிட்சருக்கு அது கிடையாது. 10 அங்குல உயர மவுண்டின் மீது ஒரு கால் ரப்பரை (அங்கே பதித்திருக்கும் பட்டையை) தொட்டபடி நிற்கும் அவர், ஒரே ஒரு எட்டில் உடலை முன்னே செலுத்தி, 60 அடி 6 அங்குலம் தள்ளி, பேட்டர் நிற்கும் இடத்தில் இருக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பந்தை அனுப்ப வேண்டும். தேர்ந்த பிட்சர்களின் இடுப்பு வினாடிக்குச் சுமார் 600 பாகை வேகத்திலும், மேலுடல் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கிலும், தோளின் உட்சுழற்சி (மேற்கை உள்நோக்கிச் சுழல்வது) 7,000 பாகையை ஒட்டியும் சுழல்வதாக அளந்திருக்கிறார்கள். முன்கால் தரையில் பதிவதற்கும் பந்து கையை விட்டுப் போவதற்கும் இடையே ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்குதான் ஆகிறது. இந்த நேரத்துக்குள் வரிசை குலைந்தால், கால்களும் இடுப்பும் தராமல் விட்ட விசையைத் தோளும் முழங்கையின் உட்புற லிகமென்ட்டும் (எலும்புகளை இணைக்கும் நாரும்) ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

என் மகன் பதின்மூன்று வயதில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்தான். சில மாதங்களில் முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்றான். அவன் கை தாழ்வாக வருவதுதான் காரணம் என்று அங்கிருந்த பயிற்சியாளர் முடிவுசெய்து, முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கச் சொன்னார். நான் காரணம் கேட்டபோது என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைவிட, சொன்ன திருத்தமே தவறானது. சாண்டி கோஃபாக்ஸின் கை தலைக்கு மேலிருந்து வந்தது; ராண்டி ஜான்சனின் கை பக்கவாட்டை நோக்கித் தாழ்ந்து வந்தது. இருவருமே புகழ்பெற்ற இடக்கை பிட்சர்கள்தாம். ஆனால் பந்தை விடும் கணத்தில் நல்ல பிட்சர் எவருக்கும் மேற்கை, இரு தோள்களையும் இணைக்கும் கோட்டை ஒட்டியே இருக்கும். கை உயரமாகத் தெரிவதற்கும் தாழ்வாகத் தெரிவதற்கும் முதன்மைக் காரணம் மேலுடல் பக்கவாட்டில் எவ்வளவு சாய்கிறது என்பதே. உடலின் சாய்வை அப்படியே விட்டுவிட்டு முழங்கையை மட்டும் உயர்த்தினால் தோள் நெருக்குண்ணும்.

வலிக்காக மருத்துவரிடம் காட்டி, எறிவதை நிறுத்தியிருந்த காலத்தில், முன்பே எடுத்து வைத்திருந்த காணொளிகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவனுடைய முன்கால் தரையைத் தொடும் கணத்தில் மார்பு ஏற்கெனவே பேட்டரை நோக்கித் திரும்பியிருந்தது. பந்து பிடித்த கையோ இன்னும் தோளுக்குக் கீழேயே கிடந்தது. இடுப்பு திரும்பத் தொடங்கும்போது மார்பு சற்றுப் பின்தங்கி நிற்க வேண்டும். அந்த முறுக்கு வேகத்துக்குப் பெரிதும் உதவுகிறது. அவனிடம் அது இல்லை. இடுப்பும் மார்பும் சேர்ந்தே திரும்பிவிட, கை பின்னாலிருந்து ஓடிவந்து எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையின் உயரத்தில் எந்தக் குறையும் இல்லை. அது தாமதமாக வந்ததே கோளாறு. அந்தத் தாமதமும் கையில் தொடங்கவில்லை. தூக்கிய முழங்கால் இறங்கத் தொடங்கும்போதே கையுறையிலிருந்து பந்துக் கை பிரிய வேண்டும். அவன் உடல் பாதி தூரம் முன்னே போன பிறகுதான் கையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

வேறொரு மூத்த பயிற்சியாளரிடம் இதைக் காட்டினேன். அவர் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். கையைப் பற்றி அவனிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல், கை பிரியும் நேரத்தையும், முன்கால் பதிந்தபின் அந்த முழங்கால் மடங்கித் தளராமல் உறுதியாக நின்று நிமிர்வதையும் மட்டுமே பழக்கினார். அந்தப் பருவத்தில் வலி திரும்பவில்லை. பந்தும், பேட்டருக்குப் பின்னால் அதைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை வைத்த இடத்துக்குப் போகத் தொடங்கியது. ஓய்வுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

எறியும் முறை சரியானால் காயமே வராது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். சிகாகோ கப்ஸ் அணியின் மார்க் பிரையர் 2003இல் 18 ஆட்டங்களை வென்றபோது, அவருடைய முறையைக் குறையற்றது என்று பலரும் கொண்டாடினார்கள். 2006க்குப் பிறகு அவரால் அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆட முடியவில்லை. விசித்திரமான முறை என்று பேசப்பட்ட டிம் லின்சிகமோ 2008, 2009 இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றார். அழகாகத் தெரிவது வேறு, விசை சரியாகக் கைமாறுவது வேறு. அதுவும் சரியாக இருந்தாலும் சுமை மிகுந்தால் உடல் தாங்காது. ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு (எதிரணியில் மூவர் ஆட்டமிழந்தால் ஓர் இன்னிங்ஸ்) மேல் வீசிய சிறுவர்களுக்குப் பெருங்காயம் ஏற்படும் வாய்ப்பு 3.5 மடங்கு என்று பத்தாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு காட்டியது. 13, 14 வயதினருக்கு ஒரு நாளைக்கு 95 பந்துகளே உச்சவரம்பு என்று மேஜர் லீக் பேஸ்பாலின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த மையத்திலோ வேகமானியின் எண்ணைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் போட்டியிட வைத்தார்களே தவிர, ஆட்டத்துக்கு வெளியே அவர்கள் முழு வேகத்தில் வீசிய பந்துகளை ஒருவரும் எண்ணவில்லை. அதிக வேகம் முழங்கைக்கு அதிகச் சுமை என்று தெரிந்தும் அப்படிச் செய்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் பிள்ளைக்கு இப்போது வலி இருந்தால் திருத்தம் எதுவும் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையென்றால், பக்கவாட்டிலிருந்து ஒன்றும் கேட்சருக்குப் பின்னாலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, முன்கால் பதியும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். மார்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, பந்துக் கை எவ்வளவு தூரம் மேலே வந்திருக்கிறது, கையுறைக் கை உடலை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறதா என்ற மூன்றையும் கவனித்தால் போதும். தொடக்கத்தில் வீசிய பந்துகளை மட்டும் படம் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். களைத்த பிறகு வீசும் பந்துகளையும் எடுங்கள். அவற்றில் மார்பு முன்பைவிட முந்தித் திரும்புவது தெரிந்தால், எண்ணிக்கையில் இன்னும் மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அவனை மவுண்டிலிருந்து இறக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள்.