கையில் கருவி இருக்கிறது, வாசிப்புதான் வரவில்லை

கேள்வி: வாரம் ஒருமுறை துணைப்பாடம் சொல்லித்தரும் தொண்டூழியர் நான். வருபவர்கள் உயர்நிலை இரண்டு படிக்கும் பையன்கள், எல்லாரும் அரசாங்க வாடகை வீட்டில் இருக்கும் வசதி குறைந்த குடும்பங்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கவே திணறுகிறார்கள். புள்ளி, பரிசு என்று விளையாட்டு மாதிரி இருக்கும் வாசிப்புச் செயலி ஒன்றைப் பள்ளிக் கருவியில் (படிப்புக்கான மடிக்கணினி, டேப்லெட் போன்றது) போட்டுக் கொடுத்தேன், கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். வேறு எதைக் கொடுக்கலாம்?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: வேறு செயலி தேடாதீர்கள் சகோதரி. புள்ளிப் பட்டியல் என்றால் யாராவது ஒருவன் கடைசியில் நிற்பான், தொடக்கப்பள்ளியிலிருந்தே அந்த இடத்தில் நின்றவனுக்கு அதையே திரையிலும் காட்டினால் மூடி வைக்கத்தான் தோன்றும்.

பதினான்கு வயதுப் பையன் தனக்குப் படிக்க வருகிற எளிய புத்தகத்தை நண்பர்கள் முன்னால் கையில் எடுக்கவே மாட்டான். திரையில் படித்தால் அட்டை வெளியே தெரியாது, ஹெட்போன் மாட்டினால் பாட்டா கதையா என்றும் யாருக்கும் தெரியாது. கருவி தரும் பெரிய உதவி இந்த மறைவுதான், அதைப் பயன்படுத்துங்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களும் ஒலிநூல்களும் லிப்பி செயலியில் இலவசம். ஒரே கதையை இரண்டு வடிவிலும் எடுத்து, காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிக்கொண்டு போனால் வாக்கியம் முடிவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும், அதனால்தான் படித்தும் புரிவதில்லை. குரல் அந்தச் சுமையைக் குறைக்கும், வேண்டுமானால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கேட்பதோடு விடாதீர்கள். அத்தியாயம் முடிந்ததும் கடைசி அரைப் பக்கத்தை ஒலிநூலை நிறுத்திவிட்டு, தனியாக, உங்களிடம் மட்டும் படித்துக் காட்டட்டும். எல்லார் முன்னாலும் ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பது வேண்டவே வேண்டாம்.

புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும். காற்பந்து, பேய்க்கதை, காமிக்ஸ், எதுவானாலும் சரி.

உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் 2021 முடிவதற்குள் சொந்தமாக ஒரு கருவி என்று கல்வி அமைச்சு ஏற்பாடு செய்தது, வசதி குறைந்தவர்களுக்கு மானியமும் உண்டு. அதற்காக ஈரறை வீட்டில் தம்பி தங்கைகளுக்கும் டிவிக்கும் நடுவே படிக்க இடம் கிடைத்துவிடாது, இணையமும் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வகுப்பிலோ நூலகத்திலோ நீங்களே பக்கத்தில் இருந்து புத்தகத்தை இறக்கிக் கொடுத்து அனுப்புங்கள், அப்புறம் இணையம் இல்லாமலே படிக்கலாம். பள்ளிக் கருவியில் லிப்பியைப் போட முடியவில்லையென்றால் ஆசிரியரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் கைபேசி போதும். வீட்டில் இணையமே இல்லாத குடும்பத்துக்கு டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது, விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்கும் பெற்றோருடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

இத்தனைக்குப் பிறகும் ஒருவன் சின்னச் சொற்களிலேயே தடுமாறினால் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தைப் படிப்பதையே கடினமாக்கும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். பள்ளி ஆலோசகரிடம் பேசச் சொல்லிப் பெற்றோரை அனுப்புங்கள். சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் இருக்கிறது, உயர்நிலை இரண்டிலும் காலம் கடந்துவிடவில்லை.