மாகாண சபை வேட்பாளர் "செலவைக் குறைத்து வேலை தருவேன்" என்றால் என்ன அர்த்தம்?

வீண்செலவை வெட்டி, மிஞ்சும் பணத்தைத் தொழில் வளரும் இடத்துக்குத் திருப்புவேன் என்பதே அதன் பொருள்.

ஏன் இப்படிச் சொல்கிறார்கள்? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த மாகாண சபைகளுக்குச் சொந்த வருமானம் கொஞ்சம்தான்: வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை. மீதிக்கு மத்திய அரசைத்தான் எதிர்பார்க்க வேண்டும். வருகிற பணத்திலும் பெரும்பகுதி ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர் சம்பளத்துக்கே போய்விடும். கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பும் காசில் ஓடும் லயத்து வீடு மாதிரி. வருவதைக் கூட்டுவது நம் கையில் இல்லை. ஸ்பீக்கர் செட் வாங்குவதா, தையல் மெசின் வாங்குவதா என்பது நம் கையில்.

ஆகவே நுவரெலியாவிலோ பதுளையிலோ ஒருவர் இப்படி வாக்குக் கேட்டு வந்தால், எந்தச் செலவை வெட்டுவார் என்று கட்டாயம் கேளுங்கள். உறுப்பினர்களின் வாகனச் செலவையா, விழாச் செலவையா? நல்லது. தோட்டப் பாடசாலைக்கு வர வேண்டிய கணித ஆசிரியரையா? அது சிக்கனமே இல்லை, நம் பிள்ளைகளின் வாய்ப்பைப் பறிப்பது.

பலர் நினைப்பதுபோல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை மாகாண சபை உயர்த்த முடியாது. அது மத்திய அரசின் தொழில் திணைக்களத்தின் கீழ் வரும் சம்பள நிர்ணய சபையின் பொறுப்பு.