குழு கூடினால் கரண்ட் வருமா?

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளம் முதல் கோபாலபுரம் வரை உள்ள எல்லைப் பஞ்சாயத்துக்காரர்கள் எரிசக்தி ஆலோசனைக் குழு பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. மின்வாரிய செக்ஷன் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் பஞ்சாயத்துக் குழுவில் உறுப்பினர். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

சார், இந்தக் குழுவுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? நாங்கள் சொன்னால் மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏஇ) கேட்டே ஆக வேண்டுமா? (வண்ணாமடை, வார்டு மெம்பர்)

கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

2003 மின்சாரச் சட்டம் இரண்டு இடங்களில் இப்படிப்பட்ட குழுக்களைப் பேசுகிறது. 87வது பிரிவில் மாநில ஆலோசனைக் குழு. அதிகபட்சம் 21 பேர், மின் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு யோசனை சொல்ல. 166வது பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் மாவட்டக் குழு. மின்மயமாக்கல், சப்ளையின் தரம், நுகர்வோர் திருப்தி, மின்சிக்கனம் எல்லாம் அதன் வேலை. பஞ்சாயத்து அளவில் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்துகளில் வர்க்கிங் குரூப் வைத்துத் திட்டம் போடும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. நம் குழுவை அந்த வரிசையில் வைத்து, பஞ்சாயத்துக் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டு அமைத்துக்கொள்ளலாம்.

உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. கணக்கு கேட்கலாம், கணக்கு காட்டலாம், எழுதி அனுப்பலாம். இது சின்ன விஷயம் இல்லை. "எங்க தெருவில வோல்டேஜ் இல்லைங்க" என்று பத்துப் பேர் போய்ச் சத்தம் போட்டால் ஏஇ டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். தேதி, நேரம், வோல்டேஜ் எழுதிய தாளோடு கடிதம் போனால் அதை அவர் மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம்? எல்லாக் கட்சிக்காரரும் இடம் கேட்கிறார்கள். (கொழிஞ்சாம்பாறை)

ஒன்பது அல்லது பதினொன்று போதும். கட்சிகளை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆனால் கட்சிப் பெயரில் இடம் கொடுக்காமல் வேலையின் பெயரில் கொடுங்கள். போர் பம்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயிலிருந்து இரண்டு பேர், மாவு மில்லோ எண்ணெய்ச் செக்கோ நடத்துகிறவர், பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர், லைசென்ஸ் உள்ள வயர்மேன், ஆதிவாசிக் குடியிருப்பு இருந்தால் அங்கிருந்து ஒருவர். இந்த இடங்களுக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் சரி.

ஏஇயையும் ஓவர்சியரையும் உறுப்பினராக்காதீர்கள், அழைப்பாளராக வையுங்கள். தன் ஆபீசுக்கு எதிரான தீர்மானத்தில் அவர் கையெழுத்துப் போட முடியாது. போடச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்துவதும் நியாயமில்லை. சோலார் கம்பெனி ஏஜென்ட் யாராவது "நான் இலவசமாக வந்து உதவுகிறேன்" என்றால் நன்றி சொல்லி வெளியே உட்கார வையுங்கள். விலைப்புள்ளி கேட்கும் நாளில் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும், கோரம் எவ்வளவு?

கிராம சபைக்குச் சட்டப்படி வாக்காளரில் பத்து சதவீதம். நம் குழுவுக்கு நாமே வைத்துக்கொள்வதுதான். பாதிப் பேர் என்று வையுங்கள்.

எங்கள் கூட்டம் மூன்று மணி நேரம் போகிறது. முடிவில் யார் என்ன செய்ய வேண்டும் என்றே தெரிவதில்லை. (எருத்தேம்பதி, குடும்பஸ்ரீ செயலாளர்)

அம்மணி, நீங்கள் அனுப்பியிருந்த அஜெண்டாவில் பதினாலு விஷயம் இருந்தது. மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும்.

முதலில், தனிப்பட்ட புகாரைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள். மீட்டர் ஓடவில்லை, பில் கூட வந்தது, தென்னை மட்டை லைனில் விழுந்தது இவையெல்லாம் மின்வாரியத்தின் 1912 புகார் எண்ணுக்கும் செக்ஷன் ஆபீசுக்கும் உரியவை. வாசலில் ஒரு நோட்டு வைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நோட்டையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் ஏழெட்டுப் புகார் வந்திருந்தால் அது தனி ஆளின் புகார் இல்லை, அஜெண்டாவில் வர வேண்டிய விஷயம்.

அடுத்தது, கூட்டத்தின் முதல் வேலை போன கூட்டத்து மினிட்ஸ். வாசித்து ஒப்புக்கொள்வதற்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே "ஆச்சு", "ஆகலை", "ஏன்" என்று எழுதுவதற்காக. பெரும்பாலான குழுக்களில் மினிட்ஸ் பார்த்தால் "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்றிருக்கும். விவாதித்தது யாருக்கும் வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "மூன்றாம் வார்டு டிரான்ஸ்ஃபார்மரின் கடைசி வீட்டில் ஒரு வாரம் மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் எடுப்பது. பொறுப்பு: வயர்மேன். அடுத்த கூட்டத்துக்கு முன்." ஆள், வேலை, நாள் மூன்றும் இல்லாத வரி முடிவே இல்லை.

அப்புறம் நேரம். கள் இறக்குகிறவர்களுக்குக் காலையும் மாலையும் மரத்தில்தான். பால் சொசைட்டிக்குப் போகிற பெண்களுக்கும் அதே நேரம்தான். பகல் பதினொன்று வசதி. சாயங்காலம் ஆறுக்கு வைத்தால் சம்பளக்காரர்களும் சும்மா இருப்பவர்களும் மட்டும் வருவார்கள், பம்பு வைத்திருக்கிறவர் வரமாட்டார்.

மினிட்ஸ் தமிழில் எழுதலாமா? செக்ரட்டரி மலையாளத்தில்தான் வேண்டும் என்கிறார்.

எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் 1973இல் வந்த திருத்தப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழர் அதிகம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். உரிமை அது. ஆனால் வேலை நடக்க வேண்டும் என்றால், மினிட்ஸ் தமிழில் இருக்கட்டும், ஆபீசுக்குப் போகும் ஒரு பக்கக் குறிப்பை மலையாளத்தில் கொடுங்கள். மலையாளம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

திட்டம் போடச் சொன்னால் பிரசிடென்ட் நேராகச் சோலார் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? (வடகரப்பதி, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பில்லிலிருந்து, ஐயா. பஞ்சாயத்து கட்டும் எல்லா மின்கட்டணத்தையும் எடுங்கள்: ஆபீஸ், தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், சமூகக்கூடம். ஒரு வருடத்துக்கு வேண்டும். இங்கே பெரும்பாலும் இரண்டு மாத பில், அப்படிப்பட்டவற்றுக்கு ஆறு. ஒரு தாளில் எழுதினாலே எது தின்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஆபீஸ் ஃபேன் இல்லை, மோட்டாரும் தெருவிளக்கும்தான்.

தெருவிளக்கைப் பாருங்கள். பழைய 40 வாட் டியூப் சோக்கோடு சேர்ந்து 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்இடி போட்டால் விளக்குக்கு 30 வாட் மிச்சம். நூறு விளக்கு, இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 33 யூனிட், வருடத்துக்கு 12,000 யூனிட். அதே 33 யூனிட்டைச் சோலாரில் எடுக்க வேண்டுமானால் கிலோவாட்டுக்குத் தினம் நாலு யூனிட் கணக்கில் எட்டு கிலோவாட் தகடு வேண்டும், நிழல் விழாத 800 சதுர அடி கூரை வேண்டும். எது மலிவு என்று குழுவே சொல்லட்டும். மின்வாரியத்தின் நிலாவு திட்டத்தில் ஏற்கனவே மாற்றியிருந்தால் இந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஆனால் பகலில் எரிகிற விளக்கு எத்தனை என்று ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள்.

குடிநீர் மோட்டாரில் இரண்டு விஷயம். டேங்க் நிரம்புகிற நேரத்தை மாலை ஆறு முதல் பத்து வரை உள்ள உச்ச நேரத்திலிருந்து தள்ளி வைக்க முடியுமா? குழாய் எங்கே ஒழுகுகிறது? ஒழுகும் தண்ணீர் ஒவ்வொரு குடமும் கரண்ட் செலவழித்து மேலே ஏற்றியது.

மூன்றாவது நம் பக்கத்துக்கே உரியது: பாசனப் பம்பு. சித்தூர் கிழக்கில் மழை குறைவு, போர் ஆழம். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) வர வேண்டிய 7.25 டிஎம்சி எப்போது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் பம்புகள் ஓடும் மணி நேரம் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதத்தில் மோட்டார் தூங்குகிறது. வராத மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அலறுகிறது. எனவே நீர்ப்பாசன அட்டவணையை மேசையில் வைக்காமல் இங்கே எரிசக்தித் திட்டம் போட முடியாது. என்னைக் கேட்டால் எல்லைப் பஞ்சாயத்துக் குழுக்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இதுதான்: வார்டு வாரியாகப் பம்பு எத்தனை, எத்தனை குதிரைத்திறன், எத்தனை வருடப் பழசு, கபாசிட்டர் இருக்கிறதா.

எரிசக்தி என்றால் கரண்ட் மட்டும் இல்லை. சிரட்டை, தென்னை மட்டை, சாணம் எல்லாம் கணக்கில் வரட்டும். நாலைந்து மாடு உள்ள வீட்டில் தினம் 50 கிலோ சாணம் கிடைத்தால் இரண்டு கன மீட்டர் கோபர் கேஸ் போடலாம். ஒழுங்காக ஓடினால் சிலிண்டர் செலவு பெரும்பாலும் நின்றுபோகும். இரண்டு மாடு வைத்திருப்பவர் தலையில் மானியத்துக்காக இதைக் கட்டாதீர்கள். சாணம் போதாமல் மூடிக் கிடக்கும்.

சரி, சோலார் வேண்டவே வேண்டாமா? மத்திய அரசு மானியம் தருகிறதே.

வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் அதிகபட்சம் 78,000. இது வீடுகளுக்கானது, பஞ்சாயத்து ஆபீஸ் கூரைக்கு இந்தக் கணக்கைப் போட்டு பட்ஜெட் எழுதாதீர்கள். அதே திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் உண்டு. மக்கள்தொகை 5,000க்கு மேல் உள்ள வருவாய்க் கிராமங்கள் போட்டியிடலாம். குழுவுக்கு உருப்படியான வேலை வேண்டுமென்றால், கூரைகளைப் பார்த்து யார் வீட்டில் நிழல் இல்லை என்று பட்டியல் எடுக்கலாம். நம் ஊரில் வீட்டைச் சுற்றித் தென்னைதான். பாதி வீடு பட்டியலில் வராது.

இன்னொன்றை மக்களிடம் முன்பே சொல்லுங்கள்: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் லைன்மேனைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இது தெரியாமல் போட்டவர்கள் பிறகு குழுவைத்தான் திட்டுவார்கள்.

ஓடந்துறை மாதிரி நாமும் காற்றாலை வாங்கலாமா? கஞ்சிக்கோட்டில் காற்று நன்றாக அடிக்கிறதே. (வேலந்தாவளம், இளைஞர் மன்றம்)

ஆசை நல்லதுதான், தம்பி. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சுமார் ஒன்றரைக் கோடிக்கு வாங்கியது. அதை நட்டது தன் ஊரில் இல்லை, உடுமலைப் பக்கம். பஞ்சாயத்துத் தேவைக்குப் போக மிச்சத்தை விற்றது. ஆனால் அது வங்கிக் கடன். அதற்கு முன்பே சேர்த்து வைத்த சொந்த நிதி இருந்தது, கடன் கட்டும் திறமை இருந்தது. பாலக்காட்டிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. மாவட்டப் பஞ்சாயத்து தானே ஒரு கம்பெனி வைத்து மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் கட்டி 2014இல் ஓட்டத் தொடங்கியது. பேச்சு தொடங்கியதிலிருந்து விளக்கு எரியும்வரை பல வருடம் ஆனது.

கிராமப் பஞ்சாயத்து ஒன்று தனியாக இறங்க நான் யோசனை சொல்லமாட்டேன். நாலைந்து பஞ்சாயத்து சேர்ந்து பிளாக் அளவில் பேசுங்கள். அதற்கு முன் தெருவிளக்குக் கணக்காவது கையில் இருக்கட்டும்.

வோல்டேஜ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் "ஃபண்ட் இல்லை" என்கிறார்கள். (மீனாட்சிபுரம், மாவு மில்)

விதிப்படி 230 வோல்ட்டிலிருந்து ஆறு சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது, அதாவது 216. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒரு வாரம் காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு மணிக்கு எடுங்கள். மூன்று வீட்டிலும் குறைவென்றால் டிரான்ஸ்ஃபார்மரோ அதற்கு மேலோ கோளாறு. கடைசி வீட்டில் மட்டும் குறைந்தால் கம்பி நீளம் அதிகம், அல்லது ஒரே பேஸில் (மூன்று மின்கம்பிகளில் ஒன்றில்) எல்லா வீட்டையும் போட்டிருக்கிறார்கள். பேஸ் மாற்றுவதற்குப் பெரிய ஃபண்ட் வேண்டாம், ஒரு நாள் வேலை.

நம் பங்கும் இருக்கிறது. கபாசிட்டர் எரிந்துபோன பம்பு வீணாகக் கரண்டை இழுத்து எல்லோருடைய வோல்டேஜையும் இறக்கும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கேவிஏஆர் அளவுள்ள கபாசிட்டர் போதும், விலையும் பெரிதில்லை. நாமே முதலில் இருபது பம்பில் மாற்றிவிட்டு, மாற்றியதற்கு முன்னும் பின்னும் எடுத்த வோல்டேஜைக் கடிதத்தில் சேர்த்தால் எதிரே இருப்பவர் பதில் சொல்லியே தீர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் மன்றம், அப்புறம் மின்சார ஓம்புட்ஸ்மேன். இரண்டுக்கும் வக்கீல் தேவையில்லை, தாள்தான் தேவை.

அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் விவசாயக் கரண்ட் இலவசம். நமக்கு?

இங்கே தகுதியுள்ள விவசாயிக்கான கட்டணத்தை விவசாயத் துறை மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. கிருஷி பவன் (விவசாயத் துறையின் உள்ளூர் ஆபீஸ்) மூலம் மனு. அதைப் புதுப்பிக்காமல் விட்டு பில் வந்ததும் லைன்மேனிடம் சண்டை போடுகிறவர்கள் நிறைய. குழுக் கூட்டத்துக்குக் கிருஷி ஆபீசரையும் ஒருமுறை கூப்பிடுங்கள்.

தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் குழு என்ன ஆகும்?

புதிய கமிட்டி புதிதாகத் தீர்மானம் போட வேண்டும். பதவியேற்ற முதல் மாதத்திலேயே போய்ப் பாருங்கள். அடுத்த வருடத் திட்டத்துக்கு வர்க்கிங் குரூப் கூடுவதற்கு முன் உங்கள் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பழைய மினிட்ஸ், பம்புப் பட்டியல், வோல்டேஜ் நோட்டு மூன்றுக்கும் மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று பஞ்சாயத்துச் செக்ரட்டரியிடம், ஒன்று குழுச் செயலாளர் வீட்டில், ஒன்று வாசகசாலையில். பழைய பிரசிடென்ட் எந்தக் கட்சியாக இருந்தாலும் அழைப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.