கறள் பிடித்த லாண்ட் றோவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊர்காவற்துறையில் ஒரு வளவுக்குள் பல வருடமாக நிற்கும் லாண்ட் றோவர் சீரீஸ் 2ஏ விலைக்கு வருகிறது. "பொடியில் ஒரு பொட்டுக் கறள் இல்லை, பெயின்ற் அடித்தால் புதுசுதான்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வேலையை எங்கே தொடங்குவது?
– வாசகர், வட்டுக்கோட்டை

பொடியில் (வண்டியின் வெளிக்கூட்டில்) கறள் வராது, அது அலுமினியக் கலவைத் தகடு. 1948இல் முதல் லாண்ட் றோவர் வெளிவந்தபோது பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால்தான் அலுமினியத்துக்குப் போனார்கள். ஆகவே விற்பவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த உண்மையால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

சுத்தியலும் ஸ்குறூ ட்றைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுங்கள். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் ஏறக்குறைய 2 மி.மீ. உருக்குத் தகட்டைப் பெட்டிபோல வெல்டிங்கில் ஒட்டிச் செய்தது. அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சேறு அடைத்தால், உள்ளே போன தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் வெளியேற வழியில்லை. அதனால் கறள் உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் தெரிகிற நாளில் தகடு பாதி போயிருக்கும். தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்றது பொத்தென்று கேட்கும். முதலில் பின் குறுக்குச் சட்டம், பிறகு ஸ்பிரிங் கொழுவும் இடங்கள், பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கக் கைகள், பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளையும் பகுதி.

எஞ்சினுக்கும் சீற்றுக்கும் இடையில் நிற்கும் பல்க்ஹெட்டும் உருக்குத்தான். அதில் கால் வைக்கும் குழியும் கதவுத் தூணின் அடியும் முதலில் இறும். கால்குழிக்கு வேறு தகடு வெட்டி ஒட்டிவிடலாம். தூணின் அடி போனால் கதவு தொங்கும், அளவு பிடித்து நிமிர்த்துவது பெரிய வேலை. குறுக்குச் சட்டமும் கைகளும் மட்டும் போயிருந்தால் விலையைக் குறைத்து வாங்குங்கள். இரண்டு நெடுஞ்சட்டங்களும் பல இடத்தில் பொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் நாகமுலாம் (சிங்க் பூச்சு) இட்ட புதுச் சேசிஸ் இன்றும் செய்து விற்கிறார்கள்தான். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபின் பேசுங்கள்.

ஒட்டு வேலைக்கு முன் பற்றறியைக் கழற்றுங்கள். குட்டை வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி குறைந்த) வண்டியில் பெற்றோல் தாங்கி வலப்பக்கச் சீற்றுக்குக் கீழே இருக்கிறது; அதையும் கழற்றித் தூரத்தில் வையுங்கள். தாங்கி வெறுமைதானே என்று விடுவது ஆபத்து. நிறைந்த தாங்கியைவிட ஆவி நின்ற வெறுந்தாங்கி மோசமாக வெடிக்கும். வண்டி சமதரையில் தன் அச்சுகளில் நிற்கட்டும். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதிவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கக் கையை மட்டும் வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் பல்க்ஹெட் நகரும், பிறகு ஒரு கதவும் பூட்டாது.

இற்ற தகட்டின் மேல் புதுத்தகடு வைத்து மூடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது வேலையல்ல, மறைப்பு. இரண்டு தகட்டுக்கும் இடையில் ஈரம் நிற்கும், இரண்டு மாரி தாங்காது. நல்ல உருக்கு வரும்வரை வெட்டி, அதே 2 மி.மீ. தகட்டை ஓரத்துக்கு ஓரம் வைத்து ஒட்டுவிக்க வேண்டும். தடித்த தகடு பலம் என்று 4 மி.மீ. வைத்தால், அதை உருக்குகிற சூட்டில் பக்கத்துப் பழைய தகடு ஓட்டையாகும்.

இன்னொன்று: சேசிஸ் இலக்கம் வலப்பக்க முன் ஸ்பிரிங் கொழுவியில் பொறித்திருக்கும். பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். அந்தத் துண்டை வெட்டவும் விடாதீர்கள்.

கறள் மாற்றி மருந்து பூசி, ரெட் ஒக்சைட் அடித்தும் ஆறு மாதத்தில் கொப்புளம் வந்துவிட்டது. மருந்து போலியா?
– வாசகி, பருத்தித்துறை

மருந்தைக் குறை சொல்ல முடியாது. பொஸ்போரிக் அமிலம் உறுதியாகப் பிடித்திருக்கும் மெல்லிய கறளைத்தான் மாற்றும். செதில் செதிலாக நிற்பதை முதலில் சுரண்டிக் கொட்ட வேண்டும். கடற்கரை ஊரில் அதைவிடப் பெரிய பிரச்சினை உப்பு. அது கறளின் அடியில், உருக்கின் சிறு குழிகளுக்குள் இருக்கிறது; மேலே எதைப் பூசினாலும் அங்கேயே கிடந்து ஈரத்தை இழுக்கும்.

சுரண்டியபின் நல்ல தண்ணீரால் பிறஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, மறுபடி கழுவுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் மழைத்தண்ணீரோ பவுசர் தண்ணீரோ எடுங்கள். ஒரு இரவு விட்டுப் பாருங்கள்: காலையில் புள்ளி புள்ளியாகக் கறள் பூத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. போனபின் மருந்து, அது முற்றாக உலர்ந்தபின் எபொக்சி பிறைமர் இரண்டு பூச்சு, பிறகு மேற்பூச்சு. நாகம் நிறைந்த பிறைமர் வாங்கினால் மருந்து பூச வேண்டாம். அது வெறும் உருக்கைத் தொட்டால்தான் வேலை செய்யும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை காற்றில் ஈரம். சோளகம் அடிக்கும் மாதங்களில் புழுதியும் உப்பும் ஈரப் பெயின்றில் ஒட்டும். மாசி, பங்குனி நல்லது. அப்போதும் காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி, பின்னேரம் நாலு மணிக்குள் நிறுத்துங்கள்.

சேசிஸுக்குள் பழைய எஞ்சின் ஒயில் விசிறினால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், சுன்னாகம்

கறளைத் தடுக்கும், உண்மை. ஆனால் றப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் ஊதவைத்து இளக்கும். பிரேக் சப்பாத்தில் ஒரு துளி விழுந்தால் அந்தச் சில்லு பிடிக்காது. எங்கள் நிலம் சுண்ணக்கல்; நிலத்தில் சொட்டும் ஒயில் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. உட்குழிக்கென்று விற்கும் மெழுகை வாங்கி, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே கழுவி, சில நாள் வெயிலில் காயவிட்டு, நீளக் குழாயால் விசிறுங்கள். பிறகு துளைகளை மறுபடி குத்திவிடுங்கள், மெழுகே அடைத்துவிடும்.

கதவின் அடியில் வெள்ளைத் தூள் வந்து தகடு வீங்குகிறது. கறள் அல்ல என்றால் என்ன?
– வாசகர், காரைநகர்

அலுமினியமும் உருக்கும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் கரையும். கதவின் சட்டம் உருக்கு, தோல் அலுமினியம்; தண்ணீர் தேங்குவது அடியில். தூளைச் சுரண்டி, தின்னப்பட்ட பகுதியை வெட்டி மாற்றுங்கள். திருப்பிப் பூட்டும்போது இரண்டு பக்கத்திலும் எபொக்சி பிறைமர் அடித்து, இடையில் சீலன்ற் வையுங்கள். அழகுக்காகத் துருப்பிடிக்காத உருக்குப் போல்ட் போடுவோர் நைலோன் வாஷரும் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் இதே தூள். உருக்குக்குப் பாவித்த கம்பிப் பிறஷ்ஷை அலுமினியத்தில் போடாதீர்கள். மணல் வீச்சும் வேண்டாம், தகடு நெளியும். 

2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின் இறுகிவிட்டது. இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?
– வாசகர், கொடிகாமம்

கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி ஊடுருவும் எண்ணெய் விட்டு மூன்று, நாலு நாள் வையுங்கள். றொக்கர் மூடியைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்கக்கூடிய நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டிய வால்வோடு சுற்றினால் புஷ் றொட் வளையும். பிறகு நியூற்றலில் வைத்து, ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். அசையவில்லை என்றால் மறுபடி எண்ணெய். கைப்பலத்துக்கு மேல் போகாதீர்கள்.

சுற்றத் தொடங்கினால் ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒயில் அமுக்கம் வந்தபின் பிளக்கைப் பூட்டுங்கள். தொண்ணூறுகளில் எரிபொருள் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி என்றால் றிங்குகள் கரியில் ஒட்டியிருக்கக்கூடும். கொம்பிரெஷன் அளந்து, ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் ஹெட்டைக் கழற்றுங்கள். பிரேக் முடியும்வரை வண்டியை வளவுக்கு வெளியே எடுக்க வேண்டாம். வீல் சிலிண்டருக்குள் குழி விழுந்திருந்தால் தேய்க்காமல் புதிது போடுங்கள், றப்பரைப் பெற்றோலில் கழுவாதீர்கள்.

மஞ்சள் குமிழை அமத்தினால் ஸ்டியரிங் பாரமாகிறது. கோளாறா?
– வாசகர், மணற்காடு

கோளாறில்லை. அந்தக் குமிழ் முன் அச்சையும் எஞ்சின் இழுவையோடு சேர்க்கும். இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிபரென்ஷல் நடுவில் இல்லாததால், தார் வீதியில் வளையும்போது முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கடைசியில் ஏதாவது பல்லோ அரைத்தண்டோ உடையும். உங்கள் ஊர் மணலில் பாவியுங்கள். வீதிக்கு ஏறுமுன் நிறுத்தி, சிவப்பு நெம்பைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ளுங்கள். மஞ்சள் குமிழ் தானாக மேலே வரும்.