கேரேஜ் ஒயரிங்: விளக்கு ஒரு வழி, கருவி ஒரு வழி

கேரேஜுக்கு ஒயரிங் செய்யவிருக்கும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கணக்குகள் எல்லாம் 230 வோல்ட், ஒற்றை பேஸ் இணைப்புக்கு உரியவை. திட்டத்தை நீங்கள் போடலாம். இணைப்புக் கொடுப்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 3 மீட்டருக்கு 6 மீட்டர் அறை. ஒரு கார், மூலையில் மரவேலை மேஜை. எத்தனை சர்க்யூட் வேண்டும்? வேலைக்கு வந்தவர் ஒன்றே போதும் என்கிறார்.

போதாது. குறைந்தது மூன்று வேண்டும்: விளக்குக்கு ஒன்று, மேஜை மேல் உள்ள பிளக்குகளுக்கு ஒன்று, காற்றடிக்கும் கம்ப்ரஸர் போன்ற பெரிய மோட்டாருக்கு ஒன்று. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5.

நான் தொழில் கற்ற காலத்தில் ஒரு பட்டறையில் எல்லாம் ஒரே எம்.சி.பி.யில் (மின்சாரம் அளவை மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தது. நான் வட்டரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ கம்ப்ரஸரைப் போட்டார்கள். எம்.சி.பி. விழுந்தது, கும்மிருட்டு. மின்சாரம் போனாலும் ரம்பம் உடனே நிற்காது. அது சுற்றி ஓயும் சத்தம் மட்டும் கேட்டது. கை எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அசையாமல் நின்றேன். அன்றிலிருந்து விளக்கையும் கருவியையும் நான் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. எம்.சி.பி.களைப் பிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையில் ஒரே ஆர்.சி.சி.பி.யை (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தால் பிரித்ததே வீண். கருவியில் கசிவு வந்தால் விளக்கும் சேர்ந்து போகும். கசிவுப் பாதுகாப்பு 30 மில்லி ஆம்பியரில் விளக்குக்கும் கருவிகளுக்கும் தனித்தனியே இருக்கட்டும்.

கேள்வி: 1 எச்.பி. கம்ப்ரஸர், 10 ஆம்பியர் பி வகை எம்.சி.பி. சில நாள் ஓடுகிறது, சில நாள் விழுகிறது. 32 ஆம்பியர் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் போகும் ஒயரை. மோட்டாருக்காக அதைப் பெரிதாக்கினால் ஒயர்தான் சூடேறும்.

இந்த மோட்டார் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் ஆறு மடங்கு, அதாவது 40 ஆம்பியரைத் தாண்டும். பி வகை, தன் அளவில் 3 முதல் 5 மடங்குக்குள் சட்டென்று விழும். உங்களுடையதற்கு அது 30 முதல் 50. சில நாள் தப்புவதும் சில நாள் மாட்டுவதும் அதனால்தான். சி வகை 5 முதல் 10 மடங்குக்குள்தான் சட்டென்று விழும். அதே 10 ஆம்பியரில் சி வகை போடுங்கள். எர்த் பாதையின் தடை அதற்குப் போதுமான அளவு குறைவாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. கம்ப்ரஸர் தானாக நிற்கும்போது 'உஸ்' என்று காற்று பிரிகிறதா? பிரியவில்லை என்றால், அழுத்தத்தை இறக்கும் வால்வு பழுது. அடுத்த முறை மோட்டார் காற்றின் எதிர்ப்போடு மல்லுக்கட்டிக் கிளம்ப வேண்டியிருக்கும். தொட்டி காலியாக இருக்கும்போது சரியாகக் கிளம்பி, இரண்டாம் முறை விழுந்தால் குற்றவாளி அந்த வால்வுதான்.

கேள்வி: கூரை நடுவில் பெரிய எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. ஆனாலும் மேஜையில் வேலை செய்தால் இருட்டாகவே இருக்கிறது. இன்னும் பெரிய விளக்கு போடட்டுமா?

எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் உங்கள் முதுகு மறைக்கும். சுவரைப் பார்த்து மேஜையில் குனிகிறீர்கள்; விளக்கு பின்னால் இருக்கிறது; உங்கள் நிழல் கைமேல் விழுகிறது. விளக்கை மேஜையின் முன்விளிம்புக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். காருக்கும் இதே கதைதான். நடுவில் விளக்கு வைத்தால் காரின் கூரை பளபளக்கும், சக்கரம் இருட்டில் கிடக்கும். காரின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு வரிசை வேண்டும். பானெட்டைத் திறந்தால் அது எதை மறைக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு கேட்டால்: பொது வெளிச்சத்துக்கு 300 லக்ஸ், மேஜை மேல் 500. லூமென் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். முதல் கேள்விக்காரரின் 18 சதுர மீட்டருக்கு 5,400 லூமென் ஆகிறது. சுவரும் தூசியும் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும் என்று வைத்து, 10,000 லூமென் வாங்குங்கள். 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று சுமார் 2,000 லூமென் தரும், ஆக ஐந்து. சுவருக்கு வெள்ளை அடித்தால் ஒன்றைக் குறைக்கலாம்.

கேள்வி: பழைய ட்யூப் லைட்டின் கீழ் கடைசல் இயந்திரம் பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிகிறது. கண் கோளாறா?

கண் நன்றாகத்தான் இருக்கிறது, விளக்குதான் கோளாறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய சோக் போட்ட ட்யூப் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். நொடிக்கு 25 சுற்றுச் சுற்றும் நாலு தாடைச் சக்கு (இயந்திரத்தில் கட்டையைப் பிடிக்கும் தலை), ஒவ்வொரு மினுக்கலிலும் ஒரே நிலையில் வந்து நிற்கும். அப்படியே நின்றுவிட்டதாகத் தெரியும். வேகம் சற்றுக் குறைந்தால் மெல்லப் பின்னால் போகும். நின்றுவிட்டது என்று நம்பிக் கைவைத்தால் விரல் போகும். மினுக்காத டிரைவர் (விளக்குக்கு உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) உள்ள எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், இந்த வாரமே.

கேள்வி: பிளக் எந்த உயரத்தில்?

தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மேல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். தாழ்ந்த பிளக்கில் ஒரு பொறி போதும். அதே காரணத்தால் சர்வீஸ் பள்ளத்துக்குள் பிளக்கே கூடாது. பேட்டரி சார்ஜ் செய்யும்போது வரும் ஹைட்ரஜன் நேர்மாறாக மேலே ஏறும். அதற்குக் கூரையோரம் காற்றுத் துளை வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: உயரத்தில் இருந்தால் சுவரில் சாய்த்த பலகைகள் பிளக்கை மறைக்காது.

கேள்வி: வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி கேரேஜ். 2.5 ஒயர் போதுமா?

போய்வர 60 மீட்டர். 2.5 செம்பு ஒயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் 7.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் கிளம்பும்போது இழப்பு இன்னும் பெருகும், விளக்கு மங்கும். 6 சதுர மில்லிமீட்டர் கவசக் கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோய், கேரேஜில் தனி டி.பி. (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) வையுங்கள். குழி தோண்டும்போதே பக்கத்தில் ஒரு காலி பைப்பையும் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டாலும் ஆர்.சி.சி.பி. மேலே நிற்காமல் விழுகிறது. அதுவே பழுதா?

அவசரப்படாதீர்கள். சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தே இருக்கும். எங்கேயோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. முதலில் பிளக்குகளில் செருகியிருக்கும் கருவிகளை எல்லாம் உருவிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். அனேகமாக ஏதாவதொரு பெட்டியில் திருகாணி ஒயரை நசுக்கியிருக்கும்.

கேள்வி: மின்சாரக் கார் பிறகு வாங்குவோம். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

டி.பி.யில் இரண்டு இடம் காலி, சார்ஜர் வரும் சுவர் வரை 32 மில்லிமீட்டர் பைப் ஒன்று, இழுக்க உள்ளே ஒரு நைலான் கயிறு. இப்போதைக்கு இது போதும். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும் என்பதால் அதற்குத் தனி சர்க்யூட். மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் சாதாரண ஏசி வகை ஆர்.சி.சி.பி., நேர்மின்னோட்ட (டி.சி.) கசிவில் குருடாகிவிடும். சார்ஜருக்கு எந்த வகை என்று அதன் கையேட்டில் இருக்கும், அதையே வாங்குங்கள்.

கேள்வி: ஆள் வந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு நல்லதா?

வாசலுக்கு நல்லது. காருக்கு அடியில் படுத்து நட்டு கழற்றும்போது நீங்கள் அசைவது அதற்குத் தெரியாது, அணைத்துவிடும். உள்ளே சாதாரண சுவிட்சே இருக்கட்டும்.