அடுத்த பத்து ஆண்டுகளில் விவசாய இயந்திரங்கள் எப்படி மாறும்?

மாதவரத்தில் மருந்துத் தெளிப்பான், களையெடுக்கும் பவர் வீடர், பம்பு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். செங்குன்றம், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயிகள்தான் வருகிறார்கள். எது பழுதாகி வருகிறது என்பதை வைத்தே காலம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் கையெல்லாம் டீசலும் கரியும்தான். இப்போது பாதி வேலை பேட்டரியில். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் வராத நாளே இல்லை. பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். சாகுபடிப் பட்டம் முடிந்ததும் சார்ஜ் போடாமல் மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்து பேட்டரி செத்திருக்கும். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றியிருந்தால் அந்தச் செலவே இல்லை. விற்கும்போது இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.

அடுத்தது ட்ரோன். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. சென்ற நவரைப் பட்டத்தில் பொன்னேரி அருகே வரப்பில் நின்று பார்த்தேன். பத்து லிட்டர் கரைசலில் ஒரு ஏக்கர், பத்தே நிமிடத்தில் முடிந்தது. மருந்து நெடியை மூச்சில் இழுக்க வேண்டாம். அந்த ஒன்றுக்காகவே வரவேற்கிறேன். ஆனால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பயிரின் தூரில் அல்லவா உட்கார்ந்திருக்கும்? பயிர் அடர்ந்த பிறகு மேலிருந்து விழும் மருந்து அடிவரை இறங்குவது கடினம். அங்கே தூரைப் பார்த்துக் குழாய் பிடிக்க ஆள் வேண்டும்.

ஆளில்லா டிராக்டரை நம் பக்கத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. பெரிய இயந்திரம் வாங்கினால் கடன்தான் மிஞ்சும். ஆகவே வாடகைதான் பெருகும். நெல் அறுவடையில் அது எப்போதோ வந்துவிட்டது: சேற்று வயலுக்கு செயின் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று மணிக்கு இவ்வளவு என வாடகை பேசி எடுக்கிறார்கள்.

வாடகை வண்டி நின்றுபோனால்தான் ஆபத்து. இரண்டு ஆண்டுக்கு முன் மீஞ்சூர் பக்கம் ஒரு வண்டி பேரிங் உடைந்து நடுவயலில் நின்றது. பாரிமுனைக்கு ஓடி பேரிங் வாங்கி நான் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிரில் சில நாளிலேயே முளை கட்டிவிட்டது. வயலுக்குச் சொந்தக்கார அம்மா முளைத்த கதிர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் உதிரிபாகமும், பழுது நீக்கத் தெரிந்த ஆளும் இருந்தே ஆகவேண்டும். என் பட்டறையில் இரண்டு பையன்களுக்கு சர்க்யூட் போர்டு வேலை சொல்லித் தருகிறேன், இருவருமே மீஞ்சூர்க்காரர்கள்.